மூடி மாற்றினாலும் மூடும் சிமிழ்

என் அக்காவை ஏமாற்றுக்காரி என்று ஒருவர் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா நின்றேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். நான் நிற்கவும் இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போட்டேன். அந்தச் சண்டைக்கு வருவதற்கு முன்னால் அக்கா எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். முன்னறையில் என்னுடைய தையல் எந்திரம். பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகையில் அக்காவின் கடைசல் எந்திரம். நடுவில் சமையலறையும் அத்தானும். நான் துணி தைக்கிறேன். அக்கா மரத்தில் பரிசுப் பொருட்கள் கடைகிறாள். அத்தான் எங்கள் இருவருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் அக்கா கடைந்து தருவதை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசி, பொட்டலம் கட்டுகிறார். கேட்டால், "நான் இந்த வீட்டு மாப்பிள்ளை இல்ல, தேய்ப்பிள்ளை" என்பார். எனக்கு 'ஊசி வெடி' என்று பேர் வைத்ததும் அவர்தான். ஊசி பிடிக்கிறவள், தொட்டால் வெடிக்கிறவள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேராக முடித்துவிட்டாராம்.

கடைசல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எந்திரத்துக்கு மரத் துண்டைச் சுழற்ற மட்டும்தான் தெரியும். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு எதிரே உளியைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு ஆளின் கை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைக்குத்தான் தெரியும். இதை நான் இத்தனை பொறுமையாக உங்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அக்காவை ஏமாற்றுக்காரி என்று சொன்ன சந்தைச் செயலாளரிடம் இவ்வளவு பொறுமையாகச் சொல்லவில்லை.

சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கு எல்லாம் ஒரே அளவாக இருந்தாக வேண்டும். அம்மா ஒரு ரொட்டியைக் கொடுத்து, அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்துப் பங்கு போடச் சொன்னால் நூலை வைத்து அளந்து அறுப்பாள். நான் கடைக்குட்டி. செல்லத்துக்காவது கொஞ்சம் பெரிய துண்டு தருவாள் என்று ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்து ஏமாந்தேன். அழுது புரண்டாலும் மசிய மாட்டாள். "உனக்குப் பெரிசாக் குடுத்தா அண்ணனுக்குச் சின்னதாப் போயிடும்டி" என்று நியாயம் பேசுவாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நியாயம் என்ற சொல்லையே வெகுநாள் வெறுத்தேன்.

பிறகு அவள் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பெண்களுக்குத் தேய்க்கிற வேலை மட்டும்தான். ஒருநாள் கடைசல்காரர் ஒருவர் வரவில்லை. அவசரமான வேலை கிடந்தது. மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா போய், "நான் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்களாம். ஆனாலும் வேறு வழியில்லாமல் விட்டார்கள். அவள் அதுவரை தேய்த்ததெல்லாம் கடைந்த மரம்தான் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. எந்த இடத்தில் உளி தடுமாறியிருக்கிறது என்று வருஷக்கணக்கில் விரலால் படித்தவள் அவள். அன்றைக்கு எந்திரத்தில் ஏறியவளை அதற்குப் பிறகு யாராலும் இறக்க முடியவில்லை.

மாடிப்படியின் கைப்பிடிக்கு அடியில் இடுப்பு சிறுத்த உருண்டைக் கால்கள் வரிசையாக நிற்குமே, அவற்றைக் கடைவதுதான் அங்கே அவள் வேலை. அதில் ஒரு கால் கொஞ்சம் தடித்தாலும் மாடிப்படி முழுக்கக் கோணலாகத் தெரியும். அக்கா கடைந்த கால்களை எப்படி மாற்றி நிறுத்தினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கேதான் அவளுக்கு 'அச்சு' என்று பேர் விழுந்தது. மேஸ்திரி முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அச்சுதான். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, பட்டம் வாங்கி வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அப்படிப்பட்ட வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்து நின்றாள். நாங்கள் பதறிப்போனோம். மேஸ்திரியோடு சண்டையா, உடம்புக்கு முடியவில்லையா என்று துருவித் துருவிக் கேட்டோம்.

"நான் ஏறப் போறதே இல்லாத படிக்கெல்லாம் எத்தனை நாளைக்குக் கால் செஞ்சுகிட்டு இருக்கறது?" என்றாள். "ஒருத்தர் கைல எடுத்து இன்னொருத்தர் கைல குடுக்கற மாதிரி ஏதாவது செய்யணும்."

அத்தான் அப்போது ஓர் அலுவலகச் சிற்றுண்டிச் சாலையில் சமையல்காரராக இருந்தார். வேறு ஆளாக இருந்தால் குதித்திருப்பார். இவர், "நல்லதாப் போச்சு, நானும் வேலைய விட்டுடறேன், இனிமே பகல்லயும் திட்டு வாங்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையைக் காலி செய்யப் போய்விட்டார். அந்த ஆளை நான் எவ்வளவு கேலி செய்தாலும், அன்றைக்கு அவர் செய்ததற்காக மனசுக்குள் ஒரு கும்பிடு எப்போதும் உண்டு.

அக்கா கடைந்தது சிமிழ்கள். உள்ளங்கையில் அடங்குகிற, மூடி போட்ட மர டப்பிகள். மோதிரம் வைக்கலாம், பொத்தான் வைக்கலாம், மாத்திரை வைக்கலாம், பிள்ளைக்கு முதலில் விழுந்த பல்லையும் வைக்கலாம். பள்ளிக்கூடங்களிலிருந்து வந்து ஆசிரியர்களுக்கென்று வாங்குவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் தங்களோடு வேலை செய்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுப்பார்கள். இந்த மாதிரி மொத்தமாக வாங்குகிறவர்களிடம் அக்காவுக்கு ஒரு தனிப் பிரியம்.

"பத்து பேருக்குப் பரிசு குடுத்தா பத்தும் ஒரே மாதிரி இருக்கணும்டி. அவளுக்கு நல்லதா வந்துருச்சு, நமக்கு நொள்ளையா வந்துருச்சுன்னு ஒருத்தி மனசுக்குள்ள நெனச்சுட்டாலும் போச்சு. அதுக்குக் குடுக்காமலே இருக்கலாம்."

ரொட்டியைப் பங்கு போட்ட அதே ஆள்தான். ஒன்றும் மாறவில்லை.

சிமிழுக்கு உயிர் மூடியில் இருக்கிறது. கவிழ்த்தால் விழக் கூடாது. திறக்கிறவர்கள் நகத்தை உடைத்துக்கொள்ளவும் கூடாது. இழுத்தால் மெல்ல ஒரு சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான். மற்ற கடைசல்காரர்கள் ஒவ்வொரு சிமிழுக்கும் அதனதன் மூடியைப் பொருத்திப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார்கள். அந்த மூடி அந்தச் சிமிழுக்கு மட்டும்தான் சேரும். அக்கா அதை வேலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். தகரத்தில் வெட்டிய இரண்டு சின்ன அளவுத் துண்டுகள் அவள் முன்பலகையில் தொங்கும். ஒன்று மூடியின் உள்வாய்க்கு, இன்னொன்று சிமிழின் கழுத்துக்கு. அந்தத் தகரம் சொல்கிற அளவில் உளி நின்றாக வேண்டும். ஒரு மயிரிழை தாண்டினாலும் அந்தத் துண்டு அடுப்புக்குப் போகும். அதனால் அவள் கடைந்த எந்த மூடியும் அவள் கடைந்த எந்தச் சிமிழுக்கும் சேரும். போன வருஷத்து மூடி இந்த வருஷத்துச் சிமிழுக்குச் சேரும். யாராவது மூடியைத் தொலைத்துவிட்டு வந்தால், "சிமிழைக் கொண்டுவர வேண்டாம், இந்தாங்க" என்று ஒரு மூடியை எடுத்துக் கொடுப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் வினையாக வந்தது.

மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய சரக்குக் கிடங்கில் கைவேலைச் சந்தை நடக்கும். வாசலில், 'கையால் செய்தவை மட்டும்' என்று பெரிய பலகை தொங்கும். அங்கே எங்களுக்கு ஒரு மேசை. விற்பது நான்தான். அக்கா வந்தால் வாங்க வந்தவர்களுக்குச் சிமிழை எப்படித் திறக்க வேண்டும் என்று வகுப்பு எடுத்து, அவர்களை விரட்டிவிடுவாள். சந்தையின் செயலாளர் ஒரு குயவர். ஒல்லியான அம்மா, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, எப்போது பார்த்தாலும் நகக்கண்ணில் களிமண். கண்டிப்பானவர் என்று பேர். அதற்குக் காரணமும் உண்டு. கொஞ்சநாள் முன்னால் ஒருவர் தொழிற்சாலைப் பொம்மைகளின் அடியில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டைக் கத்தரித்துவிட்டு, கையால் தைத்தது என்று அங்கே விற்றுவிட்டுப் போயிருந்தார். வாங்கியவர்கள் வந்து செயலாளரைத்தான் பிடித்து உலுக்கினார்கள். அதிலிருந்து அவருக்கு எல்லார் மேலும் ஒரு கண்.

அன்றைக்கு அவர் ஒரு பையோடு என் மேசைக்கு வந்தார். பையிலிருந்து ஆறு சிமிழ்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இதெல்லாம் உங்க மேசையில வாங்கினதா?"

"ஆமாம். எங்க அக்கா கடைஞ்சது" என்றேன். நல்ல வார்த்தை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தேன்.

"ஒரே நாள்ல வாங்கினது இல்ல. ஒரு அம்மா வேற வேற மாசத்துல வாங்கியிருக்காங்க. அவங்க வீட்டுப் பிள்ளைங்க வெளையாட்டா மூடிய மாத்திப் போட்டிருக்கு. எல்லாம் சேருதுன்னு வந்து சத்தம் போட்டாங்க. எனக்கும் நம்பிக்கை வரல." சொல்லிக்கொண்டே ஆறு மூடிகளையும் கழற்றி, கலைத்து, மாற்றி மாற்றி மூடினார். ஒவ்வொன்றும் அதே சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. "நானும் காலமெல்லாம் மண்ணுல கை வெச்சவதான். கையால செஞ்சா ரெண்டு ஒண்ணா வராது. என்னோட ரெண்டு கிண்ணம் இதுவரைக்கும் ஒண்ணா வந்ததில்ல."

"உங்களுக்கு வரலேன்னா எங்க அக்காவுக்கும் வரக் கூடாதா?"

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது. பக்கத்து மேசையில் கூடை பின்னுகிறவர் கையை நிறுத்திவிட்டார்.

"எந்திரத்துல செஞ்சத வாங்கி விக்கறீங்களோன்னு சந்தேகமா இருக்கு" என்றார் செயலாளர்.

"கடைசல் எந்திரம்தான். ஒளிச்சா வெச்சோம்? உங்க சக்கரம் மட்டும் என்ன காத்துலயா சுத்துது? அதுவும் கரண்ட்லதானே ஓடுது?"

"சக்கரம் சுத்தும். கிண்ணத்த என் கை செய்யுது."

"அதேதாங்க இங்கயும்!"

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "எனக்கு நிச்சயமாத் தெரியற வரைக்கும் அடுத்த சந்தையில உங்களுக்கு மேசை கிடையாது. ஒருதடவ ஏமாந்துட்டேன். இன்னொரு ஏமாத்துக்காரிய உள்ள விட்டா இந்தப் பலகைய நான் கழட்டி வெச்சிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது அப்போதுதான். அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

மேசை போனால் விற்பனை போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பள்ளிக்கூடத்து ஆட்கள் வீட்டுக்கே வந்து வாங்குவார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த கூடைக்காரர், கம்பளிக்காரர், சோப்புக்காரர் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா எங்கேயோ வாங்கி, தன் வேலை என்று விற்கிறாள் என்று அடுத்த வாரம் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். அவளிடம் இருந்தது அந்த ஒரு பேர்தான். அதிலேயே கை வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, ஒன்றுவிடாமல் கொட்டினேன். அக்கா உளியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆறும் மாத்தி மூடுச்சா?" என்றாள்.

"என்ன?"

"வேற வேற மாசத்துல வாங்கினதுன்னு சொன்னியே. ஆறும் சேந்துச்சா? ஒண்ணுகூட இறுக்கமா இல்லியா?"

"இல்ல."

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு! அதுக்குத்தான் உன்ன ஏமாத்துக்காரின்னு சொன்னாங்க!"

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்தச் செயலாளரை நான் அங்கே நார் நாராகக் கிழித்துவிட்டு வந்தால், இவள் இங்கே மாலை போட்ட மாதிரி நிற்கிறாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நான் சொன்ன மற்றதெல்லாம் அவளுக்குள் இறங்கக் கொஞ்சநேரம் ஆனது. இறங்கியதும் விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே பெருக்கியிருந்த கொட்டகையை மறுபடி பெருக்கினாள். அக்கா அழ மாட்டாள், பெருக்குவாள்.

அத்தானுக்கு அவள் பெருக்குவதைப் பார்க்கப் பொறுக்காது. அப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு சிமிழ்கள் தர வேண்டியிருந்தது. பன்னிரண்டும் தயாராகித் தட்டில் வரிசையாக இருந்தன. இரண்டு நாள் கழித்துப் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், வழக்கம்போல் அக்கா அந்த வரிசையின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனாள். பாதியில் விரல் நின்றது. ஒரு சிமிழை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். நான்கு சிமிழ்களைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"யாரு தொட்டது?"

நான் இல்லை என்று தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். எட்டிப் பார்த்தேன். ஒன்றில் இடுப்பு ஒருபக்கம் தேய்ந்திருந்தது. ஒன்றில் மூடியின் குமிழ் சாய்ந்திருந்தது. இரண்டில் மூடி தொளதொளவென்று ஆடியது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோய் வெகுநேரமாகியிருந்தது.

"நான்தான்" என்றார் அத்தான், வாசலில் வந்து நின்று. "உப்புத்தாள்ல லேசா... எல்லாம் ஒண்ணா இருந்தா நம்ப மாட்டேங்கறாங்க. நாலு கோணலா இருந்தா கைவேலைன்னு தெரியும்னு... உன் பேரு கெடக் கூடாதேன்னுதான் செஞ்சேன்."

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அந்த நான்கையும் மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"சரியாச் செஞ்சத நம்ப வைக்கறதுக்குத் தப்பாச் செய்யணுமா?" என்று கேட்டாள். "வாங்கிட்டுப் போற டீச்சருங்கள்ல நாலு பேருக்கு இது போகும். அவங்க என்ன பாவம் பண்ணாங்க? பக்கத்துல இருக்கறவங்களோடத எடுத்துப் பாத்தா மனசு என்னாகும்? என்ன ஏமாத்துக்காரின்னு அந்தம்மா சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இத வித்தா நெஜமாவே நான் ஏமாத்துக்காரிங்க."

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்ட எண்ணம் என்று அவரிடம் ஒரு துளிகூடக் கிடையாது. அவளுக்காக எதையாவது செய்துவிட வேண்டும் என்று தவித்தவருக்குக் கையில் கிடைத்தது உப்புத்தாள். அக்காவுக்கும் அது தெரியும். அந்த நான்கையும் அவர் கையில் திணித்து, "இந்தாங்க, இது உங்க கைவேலை. தனியா மேசை போட்டு வித்துக்கோங்க" என்றாள். அழுதுகொண்டே சிரித்தார் மனுஷன். அவை இன்றைக்கும் அவருடைய அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் கிராம்பு போட்டு வைத்திருக்கிறார்.

பிறகு அக்கா என் கைப்பேசியை வாங்கிச் செயலாளரை அழைத்தாள். நான் பேசுகிறேன் என்று கையை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டாள். "நாந்தாங்க சிமிழ் கடையறவ. நீங்க ஒருதடவ வந்து பாருங்க. பாத்துட்டு என்ன முடிவு பண்ணாலும் சரி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கெட்டுப்போன நான்கில் மூன்றை அவர் வருவதற்குள் திரும்பக் கடைந்துவிட்டாள். பன்னிரண்டாவதை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தாள்.

செயலாளர் ஒரு மத்தியானம் வந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன், சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் வந்ததும் அவர் முதலில் மூலைகளையெல்லாம் பார்த்தார். பெட்டி பெட்டியாகச் சரக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார் என எனக்குத் தோன்றியது, பல்லைக் கடித்துக்கொண்டேன். எந்திரம், உளிகள், முட்டளவு மரச்சுருள், அத்தான். வேறு எதுவும் இல்லை. தட்டில் பதினோரு சிமிழ்கள்.

அக்கா அதே கட்டையிலிருந்து அறுத்த கடைசித் துண்டை எடுத்து எந்திரத்தில் மாட்டினாள். விசையைத் தட்டினாள். சதுரத் துண்டு சுழன்று, முனைகள் மங்கி, ஒரு நிழல் மாதிரி ஆனது. உளியை வைத்தாள். முதலில் படபடவென்று அடித்தது. பிறகு மரம் உருண்டையாகிச் சத்தம் சீரானது. சுருள்கள் அவள் தோளைத் தாண்டிப் பறந்து, செயலாளரின் தலைமேல் விழுந்தன. அவர் தட்டிவிடவில்லை. மூடிக்கான பாகத்தைத் தனியாக அறுத்தெடுத்து, உள்ளே குடைந்து, தகரத்தை வைத்துப் பார்த்தாள். சிமிழுக்குக் கழுத்து எடுத்தாள், இன்னொரு தகரத்தை வைத்தாள். மூடியைக் கழுத்தில் மாட்டி, இரண்டையும் ஒன்றாகவே சுழலவிட்டு, இடுப்பைச் சிறுக்கவைத்து, குமிழை உருட்டினாள். இடையில் ஒருமுறைகூடத் தட்டில் இருந்தவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். இன்னோர் அடி வந்தார். அவருடைய விரல்கள் காற்றில் தாமாகவே வளைந்துகொண்டிருந்தன. கோபமாக நின்றிருந்த நான் அந்த விரல்களைப் பார்த்துவிட்டேன். இந்த அம்மாவும் நம்ம ஆள்தான் என்று அந்தக் கணம் தோன்றியது. ஆனால் உடனே விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

சுழற்சியிலேயே தேய்த்து, மெழுகு அழுத்தி, மூடியைக் கழற்றிவிட்டுச் சிமிழின் உள்ளே குடைந்து, அறுத்து, அடிப்பாகத்தை அத்தானிடம் இரண்டு தேய்ப்புத் தேய்க்கக் கொடுத்தாள். அத்தான் அதைத் தட்டில் வைத்தார். நான் தட்டைப் பிடுங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் நன்றாகக் கலைத்துவிட்டுப் பலகைமேல் வைத்தேன்.

"இப்பச் செஞ்சது எதுன்னு சொல்லுங்க பாக்கலாம். தொடக் கூடாது. கண்ணால மட்டும்."

"ஏய், சும்மா இருடி" என்றாள் அக்கா. செயலாளர் அவளைக் கையமர்த்திவிட்டுக் குனிந்தார். கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பன்னிரண்டு குமிழ்களின் உச்சியையும் ஒரு கோடாகப் பார்த்தார். எழுந்து மேலிருந்து பார்த்தார். சன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, அக்காவைப் பார்த்து, "எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க" என்றார்.

அக்கா தட்டின் பக்கம் வந்து நின்றாள். ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கும் தெரியாதுங்க" என்றாள். "பாத்தவுடனே தெரியற மாதிரி இருந்தா அது அடுப்புக்குப் போயிருக்கும்."

வித்தை காட்டப் போய் வினையை நானே இழுத்துவிட்டேனோ? கண் முன்னால் செய்ததையே எடுத்துக் காட்ட முடியவில்லை என்றால், இந்த அம்மா எதை நம்பிவிட்டுப் போவார்?

"தொடலாமா?" என்று கேட்டார் செயலாளர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தலையாட்டினேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். மூடியைக் கழற்றி, அடுத்ததில் போட்டு, திரும்பக் கழற்றி, கீழே வைத்தார். ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது. சின்னச் சத்தம், சின்னச் சத்தம். ஒன்றை எடுத்தவர் மூடியைத் திறக்காமல் அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு கையையும் கொண்டுவந்து இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அதைப் பொத்திக்கொண்டார்.

"இது சூடா இருக்கு" என்றார்.

தேய்த்த சூடு. மெழுகு ஏற்றிய சூடு. அவ்வளவு நேரம் அக்காவின் கையில் கிடந்த சூடு. பன்னிரண்டில் அந்த ஒன்றுதான் இப்போது பிறந்தது என்று சொல்ல வேறு அடையாளமே இல்லை. செயலாளர், "நான் சொன்ன வார்த்தைய மன்னிச்சிடுங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "உங்க மேசை அடுத்த சந்தையில வாசலுக்கு நேரா" என்றார். அத்தனை நாளாக அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் எனக்கு வீணாய்ப் போய்விட்டது. நான் என் அக்காவைப் பார்த்துக்கொண்டு அழுதேன். துக்கமில்லை, பெருமைதான். இந்தக் கைக்குப் பிறகு பிறந்தவள் நான் என்கிற பெருமை.

"இத நானே வாங்கிக்கட்டுமா? இது ஒண்ணு மட்டும் தனியா இருக்கு" என்று கேட்டார் செயலாளர், கையைத் திறக்காமலே.

"தனியா ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அக்கா. "ஆறிட்டா எல்லாம் ஒண்ணுதான். அது டீச்சருங்களுக்குக் கணக்கு. உங்களுக்கு வேற கடைஞ்சு தரேன்."

அவர் விடவில்லை. ஆறுகிற வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் தட்டில் வைத்தார். அத்தான் பொட்டலம் கட்டுவதற்காகத் தட்டை இழுத்துக் கொஞ்சம் நகர்த்தினார். அது எது என்று அதற்குப் பிறகு எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.